அரசாணிக் கொடியின் நுனி

திருப்பூருக்கு நான் போனது பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்குவதற்காக. வவுனியாவில் நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறோம். எங்களிடம் இருந்த மெஷின் தைத்ததைவிட நூல் அறுத்ததுதான் அதிகம். இரண்டு நாளில் வாங்கி, அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டேன். ஒரு வாரம் ஆகிவிட்டது.

மெஷின் கடைக்காரர் அவ்வளவு மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, "மெஷின் ரெடிங்க. ஒரே ஒரு லூப்பரு மட்டும் மாத்தோணுங்க. நாளைக்கு வந்துருமுங்க" என்றார். மறுநாளும் அதே தேநீர், அதே வாக்கியம். எங்கள் ஊர்க் கடைக்காரர் என்றால் "இல்லை, பிறகு வா" என்று வெடுக்கென்று சொல்வார். கோபம் வரும், ஆனால் நிலவரம் தெரிந்துவிடும். இங்கே சொல்லுக்குச் சொல் வந்து விழும் 'ங்க'வில் கோபமும் வரவில்லை, நிலவரமும் தெரியவில்லை.

தங்கியது திருப்பூரிலேயே நல்லூர் என்ற பகுதியில், செல்வராணி வீட்டில். அவளை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை, ஆனால் குரல் நன்றாகத் தெரியும். எங்கள் நாட்டில் டீசலும் மாவும் கிடைக்காமற்போன வருடத்தில், வீட்டு வளவில் மரக்கறி போடத் தொடங்கியபோது, மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு ஒன்றில் கத்தரியில் மாவுப்பூச்சி பற்றிக் கேட்டிருந்தேன். "யக்கா, வேப்பெண்ணெயில சோப்பு கரைச்சு அடிங்க" என்று முதலில் பதில் அனுப்பியவள் அவள்தான். அதற்குப் பிறகு எத்தனையோ குரல் செய்திகள். பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கண்டதும், "நீங்க இவ்ளோ குட்டையாவா இருப்பிய?" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

செல்வராணி சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றை அறை வீடுகள், அவற்றில் ஒன்று அவளுடையது. கீழே தெருப்பக்கம் வீட்டுக்கார அம்மா ருக்குமணியின் தையல் கூடம். அவர் வீட்டு முன்னறையில் முருகன் படம் சுவரளவு பெரிது. அதன் முன்னே நின்று, "சிலோனுங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் கை கூப்பிவிட்டார். என் பக்தியில் அவருக்கு அன்றே நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதை இப்படித்தான் சொல்வோம் என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் செல்வராணி என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். நூல் வந்து இறங்கும் சாக்குகளில் மண் நிரப்பி வரிசையாக வைத்திருந்தார்கள். தக்காளி, வெண்டை, கொத்தவரை, தண்டங்கீரை. நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்களைத் தலைகீழாக மண்ணில் செருகி, அவற்றில் மிளகாய் நாற்று. வெயில் தாங்காத செடிகளுக்கு மேலே வெட்டித் தள்ளிய வெள்ளைப் பனியன் துணியில் பந்தல். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் மண் கிடக்கிறது, காணி கிடக்கிறது, நாங்கள் சோம்பிக் கிடக்கிறோம். இங்கே ஒரு பிடி மண்ணையும் எங்கிருந்தோ சுமந்து மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

கொரோனாவில் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது செல்வராணி சிமெண்ட் சாக்கு ஒன்றில் தக்காளி போட்டதுதான் ஆரம்பம். இப்போது மூன்று தெருக்களில் ஐந்து மாடிகள், இருபது பெண்கள். விதையை ஒருத்தி எடுத்து வைக்கிறாள். உரம் ஒருத்தி பொறுப்பு. ஓவர்டைம் என்று ஒருத்தி கம்பெனியில் மாட்டிக்கொண்டால் அவள் செடிக்கு இன்னொருத்தி தண்ணீர் ஊற்றுவாள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் வாளி வாளியாக மேலே ஏறுகிறது.

இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடியின் மறுகோடியில் சத்தம் கேட்டது.

"எவளோ இன்னைக்கும் கிள்ளிட்டுப் போயிருக்கா!"

புஷ்பம். விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊர், ஓவர்லாக் டெய்லர். மூன்று சாக்குகளில் பூசணி போட்டு, கைப்பிடிச் சுவர் மேலே கொடியைப் படர விட்டிருந்தாள். ஒவ்வொரு கொடியின் நுனியும் காணாமற்போயிருந்தது. இரண்டு வாரமாக இப்படியாம்.

"இந்த ஊர்ல எனக்குன்னு இருக்குறது இந்த மூணு மூட்டைதான். அதையும் விட மாட்டேங்குறாளுக" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் அந்த ஹிந்திக்காரங்கதான். கதவுக்குப் பூட்டுப் போடணும்."

சத்தம் கேட்டு ருக்குமணியம்மா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "ஏனுங் கண்ணு, ஒரு அரசாணிக் கொடிக்கா இத்தன சத்தம்?" என்றார். பூசணிக்கு அங்கே பெயர் அரசாணி என்று அப்போதுதான் அறிந்தேன். "பூட்டெல்லாம் போடக்கூடாது, எல்லாரும் துணி காயப் போடோணுமில்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள பேசி முடிச்சுப்போடுங்க. இல்லீன்னா மூட்டையப் பூராம் கீழ எறக்கீருங்க. எனக்கு ஊட்டுல சண்ட ஆகாதுங்க."

எல்லோரும் எட்டரை ஷிப்டுக்கு ஓடிவிட்டார்கள். செல்வராணி மட்டும் படியில் நின்று, "எறக்கச் சொன்னா எறக்கிருவாங்க. சொன்ன சொல்லு மாறாது அந்த அம்மாவுக்கு" என்றாள். முகம் வாடியிருந்தது.

அன்று நான் மெஷின் கடைக்குப் போய்த் தேநீர் குடித்தேன். பிறகு ஒரு பேக்கரியில் தேங்காய் பன் சாப்பிட்டேன். இந்த ஊரில் பேக்கரிதான் எல்லாம். நின்றபடியே தேநீர், நின்றபடியே வியாபாரம், நின்றபடியே கல்யாணப் பேச்சு. என் பக்கத்தில் நின்ற இரண்டு வடநாட்டு இளைஞர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன என்று பேக்கரிக்காரரிடம் கேட்டேன். "ஊர்ல அம்மாகிட்ட இங்க மழையே இல்லைன்னு சொன்னா, அப்ப துணி சீக்கிரம் காயுமேன்னு சொல்லுதாம்" என்று மொழிபெயர்த்தார். எந்த ஊர் அம்மாவும் அப்படித்தான் சொல்வார்.

அடுத்த நாள் வியாழன். பிற்பகல் நான்கு மணி இருக்கும். காய்ந்த துணி எடுக்க மேலே போனேன். காம்பவுண்டு முழுக்க வேலைக்குப் போயிருந்த நேரம். பூசணிக் கொடிப் பக்கம் வடநாட்டுப் பெண் ஒருத்தி குனிந்து நின்றாள். இடுப்பில் எட்டுமாதக் குழந்தை. கொடி நுனியில் மூன்றாம் இலைக்குக் கீழே விரல் வைத்து நகத்தால் ஒரே கிள்ளு. பிய்ப்பது இல்லை, இழுப்பது இல்லை. கையில் ஏற்கெனவே ஒரு பிடி சேர்ந்திருந்தது.

என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அந்தப் பிடியைச் சுவரில் வைத்துவிட்டு, குழந்தையை இறுக்கிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். அவள் நின்ற இடத்தில் ஒரு வாளி இருந்தது. பாதி அரிசி கழுவிய தண்ணீர். மீதிப் பாதி புஷ்பத்தின் சாக்கு மண்ணில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

பொருள் பஞ்சத்தின்போது பூசணி இலையைத் தேங்காய்ப்பூ போட்டு வறையாக வதக்கி நாங்களும் தின்றிருக்கிறோம். ஆகவே கிள்ளியது எதற்கு என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஆனால் அன்று மாலை செல்வராணி வந்தபோது நான் அதைச் சொல்லவில்லை. ஹிந்திக்காரர்கள்தான் என்று புஷ்பம் சொல்லியாயிற்று. நான் உண்மையைச் சொன்னால் அவள் சொன்னது சரியாகிவிடும். அந்தப் பெண் குழந்தையோடு எங்கே போவாள்?

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. வவுனியாவில் எங்கள் தையல் பெண்கள் சேர்ந்து போட்ட பயற்றங்காய்ப் பந்தலில் ஒருமுறை பிஞ்சுகள் காணாமற்போயின. பக்கத்து வளவுப் பெண்ணை நான் எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டேன். அவள் எழுந்து போனாள். பிஞ்சு தின்றது மயில் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவு திறக்கவில்லை. இன்றுவரை அவள் எங்களோடு சேரவில்லை.

வெள்ளிக்கிழமை சும்மா இருக்க முடியாமல், "ஏதாவது வேலை தா" என்று செல்வராணியிடம் கேட்டேன். குண்டடத்தில் ருக்குமணியம்மாவின் தம்பி வீட்டிலிருந்து ஆட்டுப் புழுக்கை வர வேண்டும், போய் எடுத்து வருகிறீர்களா என்றாள்.

பல்லடம் தாண்டியதும் கம்பெனிகள் குறைந்து வானம் பெரிதானது. காற்றாலைகள், சோளக்காடு, முருங்கை. என் ஊர் ஞாபகம் வந்தது, ஆனால் எங்கள் ஊரில் குளம் இருக்கும். இங்கே வறண்ட செம்மண்ணில் இத்தனை பச்சையை எப்படி எழுப்புகிறார்கள் என்று வியந்தேன். தம்பியின் மனைவி தங்கமணி என்னைக் கண்டதும் எதற்கு வந்தேன் என்றுகூடக் கேட்காமல் அரிசிம்பருப்புச் சோறு போட்டார். அரிசியும் பருப்பும் ஒன்றாக வேக, மேலே நெய். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதியைப் போலவே இதுவும் எளிமையாக இருந்து ஏமாற்றுகிறது. இரண்டாம் முறை வாங்கிய பிறகுதான் போதும் என்று சொல்லத் தோன்றியது.

வேலியில் பூசணிக் கொடி கிடந்தது. "இந்த இலையைச் சமைப்பியளோ?" என்று கேட்டேன்.

"அய்ய, அதைப் போயிங்களா? ஆட்டுக்குப் போடுவமுங்க" என்று சிரித்தார்.

திரும்பும் பேருந்தில் நடத்துநர் மூட்டையை முறைத்தார். "என்னங்க்கா இது?"

"ஆட்டுப் புழுக்கை."

"அதான பாத்தேன், வாசம் வருதேன்னு. பின்னால வெச்சுக்குங்க, யாரும் கேட்டா நான் பாக்கலீங்க."

பல்லடத்துக்கு முன்னால் டயர் வெடித்தது. எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி வேப்பமர நிழலில் நின்றோம். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுடன், என் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே உட்கார்ந்தார். அரை மணி நேரம் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். எழும்போதுதான், "மெத்துன்னு இருந்துதுங்க. உள்ள என்னங்க?" என்றார்.

"உரம்" என்றேன்.

அவர் நின்று யோசித்தார். "மருந்து உரமுங்களா?"

"இல்லை, ஆடு."

"அப்பச் செரிங்க" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கும் ஒரு பத்திரிகை கொடுத்தார்.

மூட்டையோடு நான் வந்து சேர்ந்த கோலத்தைப் பார்த்துச் செல்வராணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓயும் வரை இருந்து, மாடியில் கண்டதைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"சபிதாவா? கடைசி ரூமு சபிதா? அவ வீட்டுக்காரன் நிட்டிங்ல இருக்கான். அவ வீட்டுல இருந்து பிசிர் வெட்டுதா. வாயே தொறக்க மாட்டாளே!"

சனிக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் இருவரும் கடைசி அறைக்குப் போனோம். சட்டைகள் மலையாகக் குவிந்திருக்க, நடுவே உட்கார்ந்து நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள் சபிதா. எங்களைக் கண்டதும் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஒடிசாவில் ஏதோ ஒரு ஆற்றங்கரை ஊர். ஹிந்தி கொஞ்சம் பேசுவாள். செல்வராணிக்குத் தெரிந்தது கம்பெனி ஹிந்தி. அதில் 'சீக்கிரம்', 'எத்தனை பீஸ்', 'நாளைக்கு லீவு' எல்லாம் இருந்தன. 'செடி' இல்லை. கையை விரித்துக் கொடியாகவும் விரலைக் குவித்து இலையாகவும் ஆக்கிக் கேட்டாள்.

சபிதா மெல்லப் பேசினாள். செல்வராணி துண்டு துண்டாக எனக்குச் சொன்னாள்.

"'அவங்க காய் மட்டும் பறிக்காங்க. இலையக் கிழிச்சுக் குப்பையில போடுதாங்க. குப்பைக்குப் போறதத்தான் எடுத்தேன்'ங்கா... 'நுனியக் கிள்ளுனா பக்கத்துல ரெண்டு கொடி வரும், எங்க ஊர்ல அப்படித்தான்'ங்கா... 'சும்மா எடுக்கல, தெனமும் தண்ணி ஊத்துனேன்'ங்கா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது செல்வராணியின் குரல் மாறியது. "யக்கா, பொங்கலுக்கு நாங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டோம். ஒரு வாரம். வந்து பாத்தா ஒரு செடி காயல. யாரு ஊத்துனான்னு ஆளாளுக்குக் கேட்டோம், ஒருத்தியும் நானுன்னு சொல்லல."

சபிதாவைச் சுட்டிக் கேட்டாள். அவள் தலையசைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணி கோயில் பூசை முடிந்து வந்ததும் மாடியில் கூடினோம். பதினைந்து பெண்கள் இருக்கும். ருக்குமணியம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சபிதா அதிகாலையிலேயே செல்வராணியின் அடுப்பில் பூசணி இலையைக் கடுகும் பூண்டும் உருளைக்கிழங்கும் சேர்த்து வதக்கியிருந்தாள். சட்டியை நடுவில் வைத்துவிட்டு, குழந்தையோடு ஒதுங்கி நின்றாள். தானே சொல்வதாக முதல்நாளே கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்னாள். செல்வராணி தமிழில் சொல்லச் சொல்ல மாடி அமைதியானது.

புஷ்பம் அமைதியாகவில்லை. "சரி, தண்ணி ஊத்துனா. நல்லது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? என் செடிதானே?"

செல்வராணி அதைத் திருப்பிச் சொன்னாள். சபிதா புஷ்பத்தை நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். செல்வராணி அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"என்ன சொல்றா? சொல்லு" என்றாள் புஷ்பம்.

"'கேட்டேன்'ங்கா. பொங்கலுக்கு முன்னால, படியில நின்னு, இலையக் காட்டிக் கேட்டாளாம். நீ கைய வீசிப் போ போன்னியாம்."

புஷ்பத்துக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "நான்... அன்னைக்கு டபுள் ஷிப்டு பாத்துட்டு வந்தேன். இவ என்னமோ விக்க வந்திருக்கான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் மூன்று சாக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் நான் ஏதாவது பேச வேண்டும் என்று செல்வராணி என்னைப் பார்த்தாள். மயில் கதையைச் சொன்னேன். கதவு திறக்காததையும் சொன்னேன். அவ்வளவுதான். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

புஷ்பம் எழுந்து வந்து, சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தன் உள்ளங்கையில் போட்டுச் சாப்பிட்டாள். மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம்.

"அடிப்பாவி" என்றாள். "இதையா இத்தன நாளும் குப்பையில போட்டேன்?"

சபிதாவுக்கு மொழி புரியவில்லை, முகம் புரிந்தது. முதன்முறையாகச் சிரித்தாள். சட்டி ஐந்து நிமிடத்தில் காலியானது. "செரி, பஞ்சாயத்து முடிஞ்சுதுங்களா?" என்று ருக்குமணியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். "மூட்டை இருந்துட்டுப் போகட்டும். ஆனா சாமி, தண்ணி ஒழுகி என்ற மெஷினு மேல சொட்டுச்சுன்னா அப்ப நான் பேச மாட்டேன், எறக்கீருவேன்."

எல்லோருக்கும் இது பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த தெருப் பெண் ஒருத்தி, வேற்று மொழிக்காரர்களைச் சேர்த்தால் தான் இருக்கப் போவதில்லை என்று அங்கேயே குழுவிலிருந்து விலகிப் போனாள். செல்வராணி தடுக்கவில்லை. "அவ கொத்தவரை நட்டுருக்கா, காய்ச்சா வருவா" என்றாள். வருவாளா என்று எனக்குத் தெரியாது.

சபிதாவுக்கு இரண்டு சாக்கு ஒதுக்கினார்கள். ஊரிலிருந்து சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த விதைகளை அன்றே எடுத்து வந்தாள். என்ன விதை என்று யாருக்கும் புரியவில்லை. முளைத்தால் தெரியும் என்று குண்டடத்துப் புழுக்கையைப் போட்டு நட்டார்கள். பகலில் வீட்டிலிருக்கும் ஆள் அவள் ஒருத்திதான் என்பதால் வெயில் நாட்களில் மாலைத் தண்ணீர் அவள் பொறுப்பு என்றும், ஊற்றிவிட்டு அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட வேண்டும் என்றும் ஏற்பாடு. நுனி கிள்ளுவதை மட்டும் புஷ்பமே கற்றுக்கொண்டு தானே செய்தாள். முதல் இரண்டு கொடியில் ஐந்தாம் இலையில் கிள்ளிவிட்டுச் சபிதாவிடம் கையில் லேசாக அடி வாங்கினாள்.

திங்கட்கிழமை மெஷின் கடைக்குப் போனேன். லூப்பர் வந்திருந்தது. "நான்தான் சொன்னனுங்களே, நாளைக்கு வந்துருமுன்னு" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கூசாமல். ஓட்டிப் பார்த்தேன். தையல் அழகாக விழுந்தது. அனுப்பும் ஏற்பாட்டை முடித்துக்கொண்டு செல்வராணிக்குப் போனில் விடை சொன்னேன். கம்பெனியில் வேலை நடுவே இருந்ததால் இரண்டே வார்த்தை பேசினாள். "அழுதுருவேன், வைங்கக்கா" என்று வைத்துவிட்டாள்.

மாலை ரயிலில் உட்கார்ந்திருந்தபோது போன் சிணுங்கியது. முந்தைய நாள் என்னையும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள். சபிதாவின் முதல் குரல் செய்தி. குழந்தை ஏதோ உளறும் சத்தம், வாளி தரையில் உராயும் சத்தம். பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து: "புஷ்பக்கா... தண்ணி... ஊத்தியாச்சு."

சற்று நேரத்தில் புஷ்பத்தின் பதில் வந்தது. பின்னால் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. கம்பெனியில் அத்தனை வருடம் இருந்தும் ஹிந்தியில் ஒரு சொல் கற்றுக்கொள்ளாதவள், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"அச்சா."